ஃபுல்லரின் மகன் வாக்கர்

ஆட்டர் க்ரீக், மேல் கனடா
1826 ஜூன் 3

அன்புள்ள டார்கஸ் அக்காவுக்கு,

கடவுள் புண்ணியத்தில் உயிரோடும் கைகால் சுகத்தோடும் இருக்கிறேன். நீயும் அப்பாவும் அங்கே ஆல்டர்பிரிட்ஜில் அப்படியே இருக்கவேண்டும். பதினான்கு மாதம் ஒரு வரி எழுதாதவனுக்குச் சுகம் விசாரிக்க என்ன யோக்கியதை என்று கேட்பாய். கேட்டுக்கொள். திட்டு வாங்குவதற்காவது பதில் வருமே என்றுதான் எழுதுகிறேன்.

நான் கிளம்பிய அன்று அப்பா மாவு வண்டியை விட்டு இறங்காமலே சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "போடா. கடல் தாண்டினவன் எவனும் பேரைக் கரை சேர்த்ததில்ல. நம்ம பேரை நடுக்கடல்ல போட்டுட்டு, எவனோ ஒருத்தனாத்தான் அங்க போய் இறங்கப் போற." அந்தக் கோபத்திலேயே நான் எழுதாமல் இருந்துவிட்டேன்.

முதல் எட்டு மாதம் மரம் வெட்டினேன். பனிக்காலத்தில் காய்ச்சல் வந்து படுத்தேன். எழுந்தபோது வேலை இல்லை. இரண்டு நாள் வெறும் உருளைக்கிழங்கோடு நடந்து இந்த ஊருக்கு வந்தேன். இங்கே ஆற்றோரம் ஹோல்ராய்ட் என்ற யார்க்‌ஷயர்காரர் சின்னதாக ஒரு கம்பளி ஆலை வைத்திருக்கிறார். வாசலில் நின்று வேலை கேட்டேன்.

"பேரென்ன?"

"ஜெத்ரோ ஃபுல்லர்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஃபுல்லரா? தெக்கத்திக்காரங்க துணி மிதிக்கிறவனை அப்படித்தானே சொல்வாங்க? ஆறு மாசமா அப்படி ஒருத்தனைத்தான் தேடிக்கிட்டிருக்கேன். வேலை தெரியும்ல?"

நம் வீட்டில் கடைசியாகத் துணி மிதித்தவர் யார் என்று உனக்குத் தெரியுமா? அப்பா ஓட்டுவது மாவு வண்டி. அவருடைய அப்பாவும் அதுதான். ஆனால் எனக்குப் பசி. "தெரியுங்க முதலாளி" என்று சொல்லிவிட்டேன்.

இங்கே பெண்கள் வீட்டில் நெய்கிற கம்பளி, சல்லடை மாதிரி இருக்கும். அதைச் சவுக்காரத் தண்ணீரில் ஊறவைத்துத் தொட்டியில் போட்டு மணிக்கணக்காக மிதித்தால்தான் நூல் இறுகிக் குளிர் தாங்கும். முதல் நாளே வழுக்கி விழுந்து கணுக்காலைப் பிசகிக்கொண்டேன். ஹோல்ராய்ட் சந்தேகமாகப் பார்த்தார். "எங்க ஊர்த் தொட்டி வேற மாதிரிங்க" என்றேன். இப்போது நன்றாகவே மிதிக்கிறேன்.

கடிதத்தின் மேல் "ஹோல்ராய்ட் ஆலை, ஆட்டர் க்ரீக்" என்று எழுதினால் போதும். என் பெயர் வேண்டியதில்லை. எல்லாம் ஆலைக்குத்தான் வரும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
ஜெத்ரோ


ஆல்டர்பிரிட்ஜ், எஸ்ஸெக்ஸ்
1826 ஆகஸ்ட் 28

தம்பி ஜெத்ரோவுக்கு,

நீ உயிரோடு இருக்கிறாய். அதைத் தாளில் பார்த்த பிறகு எனக்கு எந்த நோயும் இல்லை. அப்பாவுக்கு இருமல் மட்டும் இருக்கிறது. திட்டுகளை நீ கேட்டுக்கொண்டதால் சேர்த்து வைக்கிறேன், நேரில் தருகிறேன்.

கடிதத்தை அப்பாவுக்கு வாசித்தேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டு, காது கேட்காதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஹோல்ராய்ட் பெயர் கேட்ட இடம் வந்ததும் திரும்பினார்.

"அதைத் திருப்பி வாசி."

வாசித்தேன்.

"இன்னொரு தரம்."

மூன்றாவது முறை வாசித்ததும் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு மதுக்கடைக்குக் கிளம்பிவிட்டார். அங்கே நடந்ததை மறுநாள் ஊரே எனக்குச் சொன்னது. மேசையைத் தட்டித் தட்டிப் பேசியிருக்கிறார். "பேரைச் சொன்னான், வேலை கிடைச்சிருச்சு! வேதப் புத்தகத்துலயே இருக்குய்யா எங்க பேரு. இந்த மண்ணு உண்டானப்போ உண்டான பேரு. காட்டுக்குள்ள போய் நின்னாலும் அது சோறு போடும்." ஆற்றுக்கு அந்தக் கரையில், சஃபோக்கில் பிறந்தவனையே அந்நியன் என்று சொல்பவர் அவர். கனடா இப்போது அவருக்குப் பக்கத்துத் தெரு ஆகிவிட்டது.

உன்னை மன்னித்துவிட்டார் என்று சொல்லமாட்டேன். ஆனால் உன் நாற்காலியில் மாவுச் சாக்கு போடுவதை நிறுத்திவிட்டார்.

பெயர் போடவேண்டாம் என்று எழுதியிருந்தாய். அப்பா விடவில்லை. "பேரில்லாம என்ன கடுதாசி? பெருசா எழுது" என்றார். ஜெத்ரோ ஃபுல்லர் என்று பெரிதாகவே எழுதியிருக்கிறேன்.

குளிருக்கு முன் காலுறை பின்னிக்கொள்ள யாரையாவது பிடி.

அக்கா,
டார்கஸ்


ஆட்டர் க்ரீக்
1827 ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே பனி இடுப்பளவு. நான் திடமாக இருக்கிறேன். அப்பாவின் இருமலுக்கு நீ தேனும் வெங்காயமும் கொடுப்பாய் என்று தெரியும். அவர் குடிக்கமாட்டார் என்றும் தெரியும்.

உன் கடிதம் தபால் இறக்கும் கடையில் மூன்று வாரம் கிடந்து கைக்கு வந்தது. இங்கே எழுத்து தெரிந்தவர்கள் குறைவு. அடுத்த முறை ஆலையின் பெயரை மட்டும் போடு அக்கா, அதுதான் சுலபம்.

பெரிய செய்தி ஒன்று. காலுறை பின்ன ஆள் பிடிக்கச் சொன்னாயே, பிடித்துவிட்டேன். பெயர் ஹெஸ்டர். நெசவு நெய்கிறவள். நான் மிதித்த துணியை முதல் தடவை விரித்துப் பார்த்துவிட்டு, "துணியை மிதிச்சீங்களா, அதோட சண்டை போட்டீங்களா?" என்று கேட்டாள். மறுவாரம் இன்னொரு துணி கொண்டுவந்தாள். பிறகு வெறுங்கையோடே வந்தாள். ஈஸ்டருக்குக் கல்யாணம். அப்பாவின் ஆசி வேண்டும். வந்து சேர மூன்று மாதம் ஆனாலும் பரவாயில்லை, பிந்தி வந்தாலும் அது ஆசிதான்.

ஐம்பது ஏக்கர் நிலமும் கிடைத்திருக்கிறது. காட்டைத் திருத்தி வீடு கட்டினால் பட்டா தருவார்கள். ஐந்து ஏக்கர் திருத்திவிட்டேன்.

அப்பா மதுக்கடையில் பேசியதை வாசித்தேன். அதைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அவர் சந்தோஷமாக இருந்தால் சரி.

அடுப்பருகே இரு, உடம்பைக் காத்துக்கொள்.

ஜெத்ரோ


ஆல்டர்பிரிட்ஜ்
1827 ஏப்ரல் 2

தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். இந்தக் கடிதம் சேரும்போது உனக்குக் கல்யாணம் முடிந்திருக்கும். ஹெஸ்டருக்கு என் முத்தங்கள். அப்பா வாய்திறந்து ஆசி சொல்லவில்லை. ஆனால் "நெசவுக்காரி, துணி மிதிக்கிறவன், நல்ல பொருத்தம்தான்" என்று குதிரையிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல். பிளெட்ஜர் வீட்டு நெட் போன வருஷம் உங்கள் பக்கம்தான் போனான் என்று உனக்குத் தெரியுமோ என்னவோ. அவன் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தை அவள் என்னிடம்தான் வாசிக்கக் கொண்டுவந்தாள். ஆட்டர் க்ரீக்கில் விசாரித்தானாம். ஃபுல்லர் என்று ஒருவருமே இல்லையாம். "ஆனா ஆலையில ஜெத்ரோன்னு ஒருத்தன் இருக்கானாம், நான் பாக்கல, தும்முனா நம்ம டார்கஸோட அப்பா சைலஸ் ஃபுல்லர் தும்முற மாதிரியே வீடு அதிருமாம். அவன் பேரு வாக்கராம்" என்று எழுதியிருக்கிறான்.

பிளெட்ஜர் அம்மாவுக்கு அந்த வரியை நான் வாசிக்கவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை.

நான் பள்ளிக்கூடம் நடத்துகிறவள், ஜெத்ரோ. கேட்ட கேள்வியை விட்டுவிட்டு ஒரு பிள்ளை வேறு கதை சொன்னால் எனக்குத் தெரியும். நீ யாரிடமிருந்தாவது ஒளிந்துகொண்டிருக்கிறாயா? ஏதாவது தப்புச் செய்தாயா? எதுவானாலும் எனக்கு எழுது. அப்பாவுக்கு வாசித்துக் காட்டவேண்டாதபடி தனித் தாளில் எழுது.

நீ எந்தப் பெயரில் இருந்தாலும் நன்றாக இரு.

டார்கஸ்


ஆட்டர் க்ரீக்
1827 ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் ஹெஸ்டரும் சுகம். எங்களுக்காகப் பயப்படாதே. நான் திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை. ஒளிந்துகொண்டும் இல்லை. ஒளிந்தது அப்பாவிடமிருந்து மட்டும்தான்.

வேலைக்குச் சேர்ந்த கதையில் பாதியைத்தான் உனக்கு எழுதினேன். மீதி இது. ஹோல்ராய்ட் கணக்குப் புத்தகத்தைத் திறந்து எழுதினார். எட்டிப் பார்த்தேன். "ஜெத்ரோ வாக்கர்" என்று இருந்தது.

"முதலாளி, என் பேரு ஃபுல்லருங்க."

"அதைத்தானேப்பா எழுதியிருக்கேன்."

"வாக்கர்னு இருக்குதுங்களே."

"ஆமா. துணி மேல நடக்கிறவன் வாக்கர். உங்க ஊர்ல அதுக்குப் பேரு ஃபுல்லர். எங்க ஊர்ல வாக்கர். ரெண்டும் ஒரே ஆளு. இங்க பாதிப்பேரு யார்க்‌ஷயர்காரங்க, ஃபுல்லர்னா எவனுக்குப் புரியும்? போ போ, தொட்டி நிறைஞ்சிருச்சு."

பசித்தவன் பெயருக்காகச் சண்டை போடுவானா அக்கா? ஒரு வாரம் கழித்துத் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் ஊரே வாக்கர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. நில அலுவலகத்தில் அந்தக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். கல்யாணப் பதிவிலும் அதுவே. நிலம் எழுதிய நேரத்தில்தான் உன் கடிதம் வந்திருந்தது, அப்பா மதுக்கடையில் மேசையைத் தட்டிய கடிதம். அவர் சபித்தபடியே நான் பெயரைத் தொலைத்துவிட்டேன் என்று எப்படி எழுதுவேன்?

இப்போது எழுதியே ஆகவேண்டும். நில அலுவலகத்துக்குப் புது அதிகாரி வந்திருக்கிறார். கப்பல் பட்டியலையும் நிலப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கிறார். "வாக்கர்னு யாரும் எந்தக் கப்பல்லயும் வரலையே. நீ யாரு?" என்று கேட்டார். ஃபுல்லர் என்றால் ஃபுல்லருக்கு நிலம் இல்லை. வாக்கர் என்றால் வாக்கர் என்று ஒருவன் வந்து இறங்கவே இல்லை. நான் பிறந்த ஊர்த் திருச்சபையிலிருந்து, இருவரும் ஒருவனே என்று என் தகப்பன் சாட்சி வைத்த பத்திரம் வேண்டும் என்கிறார். டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் வராவிட்டால் நிலம் வேறொருவருக்குப் போய்விடும். வீட்டுக்குக் கூரை போட்டாகிவிட்டது அக்கா.

அப்பா கையெழுத்துப் போடத் தெரியாதவர், சிலுவைக் குறிதான் போடுவார். அந்த ஒரு குறி வேண்டும். அவரிடம் எப்படிச் சொல்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. இந்த வேலையை உன் தலையில் போடுகிறேன் என்பது மட்டும் தெரிகிறது.

ஹெஸ்டர் உன்னை விசாரித்தாள்.

ஜெத்ரோ


ஆல்டர்பிரிட்ஜ்
1827 ஆகஸ்ட் 6

தம்பிக்கு,

அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. எனக்கு ஒன்றுமில்லை. உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது.

அப்பாவுக்கு வாசித்தேன். வீட்டுக்குக் கூரை போட்டதை வாசித்தேன், ஹெஸ்டரின் விசாரிப்பை வாசித்தேன். "அவ்வளவுதானா? தாள் நிறைய எழுதியிருக்கே" என்றார். "எழுத்து பெருசுப்பா" என்றேன்.

போதகர் பெல்ஹாமிடம் போனேன். அப்பா இல்லாமலே பத்திரம் எழுத முடியுமா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "டார்கஸ், உங்க அப்பா குறி போடணும். நான் பார்க்கப் போடணும். ஒரு சிலுவைதானேன்னு நீ போட்டுக் கொண்டுவந்தா எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறியா?" என்றார். நான் அப்படி நினைக்கவில்லை என்று சொன்னேன். அவர் நம்பினாரா தெரியாது. நானும் நம்பவில்லை.

அறுவடை முடியட்டும். சமயம் பார்க்கிறேன்.

அக்கா


ஆட்டர் க்ரீக்
1827 செப்டம்பர் 5

அக்காவுக்கு,

சுகம். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கப்பல் தாமதமாக இருக்கும் என்று ஹெஸ்டர் சொல்கிறாள். நீ ஜூன் கடிதத்தைப் பார்த்தாயா, இல்லையா என்றுகூடத் தெரியாமல் எழுதுகிறேன்.

போன வாரம் எங்கள் நிலத்தின் வடக்கு எல்லையில் யாரோ நான்கு மரங்களில் கோடாலிக் குறி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். விட்டுப்போகிற நிலம் என்று செய்தி பரவிவிட்டது. ஹெஸ்டர் அந்தக் குறிகளின் மேல் சேற்றைப் பூசிவிட்டு வந்தாள். "யாரு வேணா வரட்டும், இந்த அடுப்பை நான் கட்டினேன்" என்கிறாள். அவளுக்கு இது ஐந்தாம் மாதம். குனிந்து வேலை செய்யவேண்டாம் என்றால் கேட்பதில்லை.

அப்பா மறுத்துவிட்டார் என்றால் அதையாவது எழுது. நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். தெரியாமல் இருப்பதுதான் முடியவில்லை.

நீ நலமாக இரு.

ஜெத்ரோ


ஆல்டர்பிரிட்ஜ்
1827 செப்டம்பர் 17

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் உறைக்குள் இருக்கும் பத்திரத்தை எடுத்துப் பார். பார்த்தாயா? அது அப்பா போட்ட குறிதான். கோணலாக இருப்பதே சாட்சி. இனி மூச்சு விட்டுவிட்டு மீதியை வாசி. நாங்கள் இருவரும் சுகம்.

அறுவடை முடிந்த ஞாயிற்றுக்கிழமை மாலை சொல்லிவிட்டேன். உன் கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரை, ஒரு சொல் விடாமல் வாசித்தேன். அவர் அடுப்பில் ஒரு கட்டையைத் தள்ளினார். பிறகு, "நான் சொன்னேன்ல?" என்றார். அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. மதுக்கடைக்கும் போகவில்லை. பத்தாம் நாள் காலையில் ஞாயிற்றுக்கிழமை உடுப்பைப் போட்டுக்கொண்டு நின்றார்.

"எங்கப்பா கிளம்பிட்டீங்க?"

"கோயிலுக்கு. அவன் பேரைப் புஸ்தகத்துலருந்து அடிச்சிட்டு வரேன். அவனுக்கு வேண்டாத பேரு அங்க எதுக்கு?"

பின்னாலேயே ஓடினேன். போதகர் அவரை உட்காரவைத்து, ஞானஸ்நானப் பதிவை அடிக்க ராஜாவாலும் முடியாது என்று பொறுமையாகச் சொன்னார். அப்பா அடங்கவில்லை. "அப்ப எல்லாத்தையும் வாசிங்க. அவனுக்கு முன்னாடி எத்தனை ஃபுல்லர் இந்தப் பேரோட இருந்து, இந்தப் பேரோட செத்தான்னு நான் கேக்கணும். டார்கஸ், நீயும் கேளு. கேட்டு உன் தம்பிக்கு எழுது."

போதகர் பெட்டியைத் திறந்து பழைய புத்தகங்களை எடுத்தார். பின்னாலிருந்து முன்னால் வாசித்துக்கொண்டே போனார். சைலஸ் ஃபுல்லர். அவர் அப்பா ஆபேல். அவர் அப்பா இன்னொரு சைலஸ். ஒவ்வொரு பெயருக்கும் அப்பா தலையை ஆட்டினார், படைவீரர்களை எண்ணுகிற மாதிரி. நூறு வருஷம் போயிற்று, நூற்றைம்பது போயிற்று. 1601 என்ற இடத்தில் போதகர் நின்றுவிட்டார்.

"என்ன நிறுத்திட்டீங்க?"

"சைலஸ், இது கொஞ்சம் வேற மாதிரி எழுதியிருக்கு."

"இருக்கிறதை வாசிங்க ஐயா."

"ஜான் வோல்டர், ஊரார் வழக்கில் ஃபுல்லர். திருமணம்."

அப்பாவுக்குப் புரியவில்லை. போதகர் இன்னும் பின்னால் புரட்டினார். 1574. அதை நானே எட்டிப் பார்த்தேன், ஜெத்ரோ. மை மங்கியிருந்தாலும் தெளிவாக இருந்தது. பீட்டர் டி வோல்டர், ஃப்ளாண்டர்ஸ் தேசத்திலிருந்து மார்க்கத் துன்பத்தால் ஓடிவந்த அந்நியன், துணி மிதிப்பவன். அவன் மகன் யானுக்கு ஞானஸ்நானம். அதற்கு முன்னால் எதுவும் இல்லை. ஃபுல்லரும் இல்லை, வோல்டரும் இல்லை.

"ஃப்ளாண்டர்ஸா?" என்றார் அப்பா. "அது கடலுக்கு அந்தப் பக்கம்ல?"

"அந்தப் பக்கம்தான். கோல்செஸ்டருக்கு அப்போ நிறையப் பேரு தறியும் தொட்டியுமா வந்து இறங்கியிருக்காங்க. அவங்க டச்சு பாஷையில துணி மிதிக்கிறவன் வோல்டர். இங்க யாருக்கும் அது வாயில நுழைஞ்சிருக்காது. நம்ம சொல்லைப் போட்டு எழுதிட்டாங்க."

"யாரு எழுதினது?"

"எனக்கு முன்னாடி இந்த நாற்காலியில இருந்தவரு."

அப்பா அந்தப் பக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். எழுத்து தெரியாதவர் எதைத் தேடினாரோ தெரியாது. "அந்தாளு ஒண்ணும் சொல்லலையாமா? என் பேரு இது இல்லன்னு?"

"அதெல்லாம் புத்தகத்துல எழுதமாட்டாங்க, சைலஸ்."

"பசியோட வந்திருப்பான்" என்றார் அப்பா.

அதற்குப் பிறகுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. முதலில் இருமல் என்று நினைத்து முதுகைத் தடவப் போனேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஆத்துக்கு அந்தப் பக்கத்துக்காரனை அம்பது வருஷமா அந்நியன்னு திட்டிக்கிட்டிருக்கேனே ஐயா, என்னை எவனாவது திருப்பிக் கேட்டிருந்தா?" போதகருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிறகு எழுதுகோலைக் கேட்டு வாங்கிக் குறி போட்டார். அன்று மாலையே மதுக்கடைக்குப் போய், வேறு யாரும் சொல்வதற்கு முன் தானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இப்போது ஊரில் அவரை "டச்சுக்காரரே" என்று கூப்பிடுகிறார்கள். திரும்பிப் பார்க்கிறார்.

உனக்கு அவர் சொல்லச் சொன்னது: "எந்தப் பேரை வேணா எழுது, ஆனா ஒண்ணை எழுது. ரெண்டு ஆளா நின்னு ரெண்டு பேருக்கும் நிலம் இல்லாமப் பண்ணிடாத. அவளை நல்லாப் பார்த்துக்க."

பத்திரம் இரண்டு பிரதி எடுத்து இரண்டு கப்பலில் அனுப்பியிருக்கிறேன். ஒன்றாவது சேரட்டும். இன்று முதல் நான் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

உன் அக்கா,
டார்கஸ்


ஆட்டர் க்ரீக்
1828 ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கும், அப்பாவுக்கும்,

இந்தக் கடிதத்தை முழுக்க அப்பாவுக்கு வாசி. எதையும் விடாதே. நாங்கள் மூன்று பேரும் சுகம். ஆமாம், மூன்று பேர். ஜனவரி நான்காம் தேதி பெண் பிறந்தாள். ரூத் என்று பெயர். தும்மினால் தொட்டில் ஆடுகிறது.

உன் முதல் பிரதி இன்றுவரை வரவில்லை. இரண்டாவது டிசம்பர் இருபத்தாறு அன்று வந்தது. நில அலுவலகம் முப்பது மைல். ஏரிப் பக்கம் பனிப்புயல். ஹோல்ராய்ட் தன் பனிவண்டியைப் பூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "ஏறு. எழுதினவன் நான். நானே வந்து சொல்றேன்" என்றார். இரண்டு இரவு வழியில் தங்கி, இருபத்தொன்பதாம் தேதி போய்ச் சேர்ந்தோம்.

அதிகாரி பத்திரத்தை வாசித்துவிட்டு ஹோல்ராய்டைப் பார்த்தார். "அப்போ நீங்கதான் இவன் பேரைத் தப்பா எழுதினது?"

"தப்பா? நான் சரியாத்தான் எழுதினேன். அவங்க ஊர்லதான் தப்பாச் சொல்றாங்க."

நான் அவர் காலை மிதித்தேன். மிதிப்பதுதானே என் வேலை. அதிகாரி அலுத்துப்போய் என் பக்கம் திரும்பினார். "இரண்டும் நீதான்னு ஒத்துக்கறேன். பட்டா எந்தப் பேர்ல? இப்பவே சொல்லு."

வழி முழுக்க ஃபுல்லர் என்று சொல்லத்தான் நினைத்துக்கொண்டு போனேன், அப்பா. அதுதான் உங்களுக்குச் செய்யவேண்டிய மரியாதை என்று நினைத்தேன். ஆனால் இந்தக் காட்டைத் திருத்தியபோது என்னை எல்லாரும் கூப்பிட்டது வாக்கர் என்று. ஹெஸ்டர் கட்டிக்கொண்டது வாக்கரை. ஒன்றை எழுது என்று சொன்னீர்கள். "வாக்கர்" என்றேன். பக்கத்தில் ஓரமாக "பிறப்பில் ஃபுல்லர்" என்று எழுதச் சொன்னேன். எழுதினார். பட்டா இப்போது ஹெஸ்டரின் நெசவுப் பெட்டிக்குள் இருக்கிறது. எல்லையில் குறி வைத்தவர் யார் என்று தெரியவில்லை. அதன் பிறகு யாரும் வரவில்லை.

நீங்கள் கோபப்பட்டால் அதையும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் நேரில் வந்து கோபப்படுங்கள். இந்த ஊரில் பதினொரு பிள்ளைகள் எழுத்து தெரியாமல் ஆற்றில் விளையாடுகிறார்கள், அக்கா வந்தால் பள்ளிக்கூடம் கட்டித் தருவதாக எல்லாரும் சொல்கிறார்கள். ஹோல்ராய்ட் ஆலைக்கு வண்டி ஓட்டத் தெரிந்த ஆள் இல்லை. இருப்பவன் குதிரையைப் பார்த்துக் கத்துகிறானே தவிர ஓட்டுவதில்லை. அப்பா பார்த்தால் பொறுக்கமாட்டார். ஏப்ரலில் கப்பல்கள் கிளம்பும்.

வாருங்கள்.

ஜெத்ரோ


க்யூபெக்
1828 ஜூன் 7

தம்பிக்கு,

கரை சேர்ந்துவிட்டோம். ஆறு வாரமும் மூன்று நாளும். எனக்கு முதல் பத்து நாள் வாந்தி, இப்போது ஒன்றுமில்லை. அப்பாவுக்குக் கப்பல் ஒத்துக்கொண்டது. இருமல்கூட நின்றுவிட்டது. மாலுமிகளுக்குக் கயிறு கட்டச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று தொந்தரவு செய்துகொண்டிருந்தார்.

உன் கடிதத்தை முழுதாக வாசித்தேன். "வாக்கர்னா எழுதினான்?" என்றார். சரி, பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தேன். "அந்த ஹோல்ராய்ட் வாய்க்கொழுப்புக்காரனா இருப்பான் போல. அவன்கிட்ட நான் பேசணும்" என்றார். அன்றைக்கே குதிரையை விற்க ஆள் பார்க்கத் தொடங்கிவிட்டார். குதிரையைப் பிரிந்த அன்று மட்டும் வெறும் லாயத்தைக் கூட்டிக்கொண்டே இருந்தார்.

இன்று காலை துறைமுகத்தில் ஒரு குமாஸ்தா எல்லாருடைய பெயரையும் கேட்டு எழுதினான். ஒரே இரைச்சல். அப்பா உரக்கச் சொன்னார். நான் எட்டிப் பார்த்தேன். "ஃபௌலர்" என்று எழுதிவிட்டான்.

"அப்பா, பறவை பிடிக்கிறவர்னு எழுதியிருக்கான்."

அப்பா குமாஸ்தாவின் மேசையைத் தட்டினார். மதுக்கடையில் தட்டுகிற மாதிரியேதான். "தம்பி, இதை மட்டும் திருத்திடு. எனக்கு இந்த வயசுல வலை வீசத் தெரியாது." அவன் சிரித்துவிட்டுத் திருத்தினான். ஒவ்வொரு எழுத்தாக என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்.

நாளை காலை படகு. வரும் சனிக்கிழமைக்குள் உங்கள் பக்கத்துக் கிங்ஸ்டன் துறைக்கு வந்துவிடுவோம் என்கிறார்கள். இந்தக் கடிதம் எங்களுக்கு முன்னால் வந்தால் வண்டி கொண்டு வா. மூட்டைகள் ஐந்து, அதில் ஒன்று தேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏம்மா, அந்தப் பிள்ளை என்னை என்னன்னு கூப்பிடும்?" என்று கேட்டார்.

"தாத்தான்னுதான்."

யோசித்தார். "அது யார்க்‌ஷயர்காரன்கிட்டயும் அதே வார்த்தைதானா?"

"அதேதான்ப்பா."

"அப்ப சரி" என்றார்.

சனிக்கிழமை பார்ப்போம்.

அக்கா,
டார்கஸ்